டிரைடனின் நாடக வாழ்வில் இயைபும் இயைபின்மையும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில நாடக வரலாற்றில் அடியிறுதி இயைபு கொண்ட செய்யுளும் இயைபு நீங்கிய செய்யுளும் நெடுங்காலம் போட்டியிட்டு வந்தன. அப்போட்டியைத் தம் எழுத்து வாழ்வுக்குள்ளேயே முழுமையாக நடத்திப் பார்த்தவர் ஜான் டிரைடன் (1631–1700). இயைபே உயர்ந்த நாடகத்திற்கு உரியது என்று வாதிட்டு அதில் பெரும்புகழ் பெற்ற அவர், 1677இல் இயைபை விடுத்து நாடகம் எழுதினார். ஆனால் கதைப்பாடலிலும் அங்கதத்திலும் மொழிபெயர்ப்பிலும் இயைபை இறுதிவரை கைவிடவில்லை. இம்மாற்றத்தை நிலையின்மை என்றோ தோல்வி என்றோ கொள்வதைவிட, இலக்கிய வகைக்கேற்ற யாப்பைத் தேடிக் கண்ட தேர்ச்சியாகக் கொள்வதே பொருந்தும் என்பதை அவரது வாழ்க்கை வரலாற்றின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: டிரைடன், இயைபு, இயைபிலாச் செய்யுள், வீர நாடகம், ஈரடி, ஷேக்ஸ்பியர், மில்டன்.

முன்னுரை

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் தலைமைக் கவிஞராக விளங்கியவர் டிரைடன். நாடகம், அங்கதம், திறனாய்வு, மொழிபெயர்ப்பு ஆகிய நான்கு துறைகளிலும் அவர் முன்னின்றார். எனினும் அவரைக் கட்சி மாறியவர் என்று குறைகூறும் மரபு அவர் காலத்திலேயே தோன்றிவிட்டது. கிராம்வெல்லைப் போற்றிப் பாடியவர் அடுத்து மன்னரைப் போற்றினார். ஆங்கிலத் திருச்சபையை ஆதரித்து எழுதியவர் பின்னர் கத்தோலிக்கரானார். இவ்வரிசையில் இயைபுக்காக வாதாடியவர் இயைபைத் துறந்ததையும் சேர்த்தெண்ணுவது எளிது. அவ்வாறு எண்ணுவது முறையா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

இயைபு: சொல்லும் பொருளும்

ஆங்கிலச் செய்யுளின் ஓசை ஒன்றலைத் தமிழில் எதுகை என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. தமிழ் எதுகை அடிகளின் அல்லது சீர்களின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. அது பெரும்பாலும் அடியின் தொடக்கத்தில் செவிக்குப் புலனாகும். ஆங்கிலத்தில் ஒன்றுவதோ அடியின் இறுதி. ஆகவே அதற்கு நெருங்கிய தமிழ்த் தொடை இயைபே ஆகும். இவ்வேறுபாடு சிறிதெனினும் நாடகத்தைப் பொறுத்தவரை முதன்மையானது. எதுகை அடி தொடங்கும்போதே தன் கடமையை முடித்துவிடுகிறது. பேசுபவரின் கருத்து அதன்பின் தடையின்றி ஓடலாம். இயைபோ அடி முடியும் இடத்தில் செவியை நிறுத்துகிறது. அடுத்த ஒன்றலை எதிர்நோக்க வைக்கிறது.

ஆங்கில நாடகச் செய்யுளின் அடிப்படை அடி பத்து ஒலியசைகளைக் கொண்டது. அவற்றுள் ஒன்றுவிட்டு ஒன்றாக ஐந்து அசைகள் அழுத்தம் பெறும். இங்கு ஒலியசை என்பது நேர், நிரை எனப் பகுக்கப்படும் தமிழ் யாப்பின் அசையன்று. ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலிக்கூறே அது. இவ்வடிகள் இரண்டிரண்டாக இறுதி ஒன்றி, கருத்தும் இரண்டாம் அடியோடு நிறைவுறுமாயின் அதனை ஈரடி எனலாம். அதே அடி இறுதி ஒன்றாது தொடருமாயின் அது இயைபிலாச் செய்யுள். இரண்டிற்கும் அடியளவு ஒன்றே. வேறுபாடு இறுதியில் மட்டுமே உள்ளது. இயைபிலாச் செய்யுளை உரைநடை என்று மயங்குதல் கூடாது. தமிழ்ச் செய்யுள் நாடகத்தில் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் (1891) பெரும்பாலும் ஆசிரியப்பாவில் அமைந்தது. நெடும்பேச்சையும் இடைமறிப்பையும் தாங்கவல்ல யாப்பு எது என்னும் வினா நாடகக் கவிஞர் எவருக்கும் எழுவது என்பதற்கு அதுவும் சான்றாகும்.

டிரைடனுக்கு முந்தைய மரபு

இயைபிலாச் செய்யுள் ஆங்கிலத்தில் நாடகத்திற்காகப் பிறந்ததன்று. எட்டாம் ஹென்றி காலத்துச் சர்ரே பெருமகன் வர்ஜிலின் ஈனியத்தில் இரண்டு பகுதிகளை மொழிபெயர்க்க அதனைக் கையாண்டார். தாமஸ் நார்ட்டனும் தாமஸ் சாக்வில்லும் இயற்றி 1562இல் எலிசபெத் அரசியின் முன் நடிக்கப்பெற்ற கோர்போடக் அதனை முதன்முதலில் துன்பியல் நாடகத்திற்குக் கொணர்ந்தது. அந்நாடகத்தில் ஒவ்வோர் அடியும் தனித்து நிற்கும், ஓட்டம் குறைவு. 1587ஆம் ஆண்டளவில் மேடையேறிய மார்லோவின் தம்பர்லேன் அவ்வடிக்கு வலிமையும் வீச்சும் தந்தது. இயைபோடு துள்ளும் பழைய நாடகப் பாணியிலிருந்து விலகுவதாக அதன் முன்னுரைப் பாடலே அறிவித்தது.

ஷேக்ஸ்பியர் இரண்டையும் பயன் அறிந்து ஆண்டவர். கோடை நடுவிரவுக் கனவில் காதலர் பல இடங்களில் ஈரடியில் பேசுவர். வன தேவதைகள் குறுகிய இயைபடிகளில் பாடுவர். தொழிலாளர் உரைநடையில் உரையாடுவர். ரோமியோவும் ஜூலியட்டும் முதன்முதல் உரையாடும் பகுதி பதினான்கடிப் பாடலின் வடிவில் இயைபுற்று அமைகிறது. காட்சி முடிவில் வரும் ஈரடி, முன்திரை இல்லாத அக்கால மேடையில் காட்சி முடிந்ததை அறிவிக்கும் குறியாகவும் உதவியது. அவர்தம் பிற்கால நாடகங்களில் இயைபு அருகிவிடுகிறது. வாக்கியங்கள் அடியைக் கடந்து ஓடுகின்றன. அவருக்குப் பின்வந்தோர் கையில் இவ்வோட்டம் மேலும் நெகிழ்ந்தது. 1642இல் நாடக அரங்குகள் மூடப்பட்டபோது இயைபிலாச் செய்யுள் பலரிடம் உரைநடையினின்று பிரித்தறிய இயலாத அளவிற்குத் தளர்ந்திருந்தது. டிரைடன் பெற்ற மரபு இது.

இளமையும் காலச்சூழலும்

டிரைடன் 1631 ஆகஸ்டு 9 அன்று நார்தாம்டன்ஷயரின் ஆல்டுவிங்கிள் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் எராஸ்மஸ் டிரைடன், மேரி பிக்கரிங். பதினான்கு மக்களுள் இவரே மூத்தவர். குடும்பம் தூய்மைவாதச் சார்புடையது. ஆனால் அவர் பயின்ற வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியின் தலைமையாசிரியர் ரிச்சர்டு பஸ்பி மன்னர் பக்கம் நின்றவர். அப்பள்ளியில் இலத்தீன் கவிதைகளை ஆங்கிலச் செய்யுளாக்கும் பயிற்சி அவருக்குக் கிட்டியது. 1650இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து 1654இல் பட்டம் பெற்றார்.

1658இல் ஆலிவர் கிராம்வெல்லின் இறுதி ஊர்வலத்தில் மில்டன், மார்வெல் ஆகியோருடன் டிரைடனும் நடந்தார். கிராம்வெல்லைப் போற்றிய அவரது இரங்கற்பா அடுத்த ஆண்டு வெளிவந்தது. 1660இல் இரண்டாம் சார்லஸ் திரும்பியபோது அவரை வரவேற்றும் பாடினார். 1663 டிசம்பரில் எலிசபெத் ஹோவர்டு பெருமாட்டியை மணந்தார். அவர்தம் உடன்பிறந்தவரான சர் இராபர்ட் ஹோவர்டு நாடக ஆசிரியர். பின்னர் இயைபு பற்றிய பெரும் விவாதம் இம்மைத்துனர் இருவரிடையேதான் நிகழ்ந்தது.

மன்னர் திரும்பியதும் அரங்குகள் மீண்டும் திறக்கப்பட்டன. இரண்டு குழுக்களுக்கு மட்டுமே உரிமம் வழங்கப்பட்டது. கூரையிட்ட அரங்கு, நகரும் காட்சித் திரை, பெண் வேடத்தில் பெண்களே நடித்தல் என மேடை முற்றிலும் மாறியிருந்தது. பிரான்சில் புகலிடம் பெற்றிருந்த மன்னரும் அவையோரும் கொர்னெய் முதலியோரின் இயைபுடைய துன்பியல் நாடகங்களின் சுவையறிந்து வந்தவர்கள். ஆர்ரரி பெருமகன் ரோஜர் பாயில் மன்னரின் விருப்பத்திற்கிணங்க ஈரடியில் நாடகம் எழுதத் தொடங்கினார். புதிய அரங்கிற்குப் புதிய செய்யுள் வேண்டும் என்னும் எண்ணம் பரவியிருந்த வேளையில் டிரைடன் நாடகத் துறைக்கு வந்தார்.

வீர நாடகத்தின் எழுச்சி

டிரைடனின் முதல் நாடகம் 1663இல் மேடையேறிய இன்பியல் நாடகம். அது வரவேற்புப் பெறவில்லை. 1664இல் அச்சான போட்டி மகளிர் என்னும் நாடகத்தை ஆர்ரரிக்குப் படைத்து எழுதிய உரையில் அவர் இயைபைப் பற்றிய தம் முதல் கருத்துகளை வெளியிட்டார். கவிஞனின் கற்பனை கட்டவிழ்ந்து ஓடும் வேட்டை நாயைப் போன்றது. அது எல்லை மீறாதிருக்க இயைபு ஒரு தளையாக உதவும் என்பது அவர் வாதம். நினைவில் நிறுத்த இயைபு துணைபுரியும் என்றும் அவர் கூறினார். இயைபிலாச் செய்யுளைத் தோற்றுவித்தவர் ஷேக்ஸ்பியர் என்று அவ்வுரையில் எழுதியது பிழை. சர்ரே அவருக்கு அரைநூற்றாண்டு முந்தியவர்.

அதே ஆண்டில் ஹோவர்டும் டிரைடனும் இணைந்து எழுதிய இந்திய அரசி மேடையேறியது. தலைப்பில் வரும் இந்தியா அமெரிக்கக் கண்டத்தையே குறிக்கும். அதன் தொடர்ச்சியாக டிரைடன் தனித்து எழுதிய இந்தியப் பேரரசர் (1665) மான்டிசூமாவின் வீழ்ச்சியைக் கூறியது, பெருவெற்றி பெற்றது. இவையே வீர நாடகம் என்னும் வகைக்கு அடித்தளமிட்டன. காதலும் கடமையும் மோதும் நெருக்கடி, அளவிறந்த பெருமிதமுடைய தலைவன், தொலைநாட்டுக் களம், ஈரடியில் நடக்கும் சொற்போர் ஆகியவை இவ்வகையின் கூறுகள். தலைவனும் தலைவியும் எதிரெதிர் நின்று, ஒருவர் கூற்றை மற்றவர் மறுக்கும் வாதங்களுக்கு ஈரடி பெரிதும் பொருந்தியது. முதல் அடியில் ஒரு கருத்தை நிறுத்தி இரண்டாம் அடியில் அதனை வெட்டுவதற்கு அதன் அமைப்பே இடந்தந்தது.

மைத்துனரோடு விவாதம்

1665 ஜூனில் கொள்ளைநோய் பரவியதால் இலண்டன் அரங்குகள் மூடப்பட்டன. டிரைடன் வில்ட்ஷயரின் சார்ல்டனில் இருந்த மாமனார் மாளிகைக்குச் சென்று தங்கினார். அங்கு உருவானதே நாடகக் கவிதை பற்றிய அவரது புகழ்பெற்ற உரையாடல் நூல். 1668ஆம் ஆண்டைத் தாங்கி அது வெளிவந்தது. 1665 ஜூன் 3 அன்று ஆங்கிலக் கப்பற்படையும் டச்சுப் படையும் மோதிய நாளில், தேம்ஸ் ஆற்றில் படகேறிச் செல்லும் நால்வர் பீரங்கி முழக்கம் கேட்டவாறே நாடகம் பற்றி உரையாடுவதாக அந்நூல் அமைந்துள்ளது. நால்வருள் கிரைட்டிஸ் என்பவர் ஹோவர்டின் கருத்துகளையும், நியாண்டர் என்பவர் டிரைடனின் கருத்துகளையும் பேசுவதாக அறிஞர் பொதுவாகக் கொள்வர்.

கிரைட்டிஸின் வாதம் எளியது, வலியது. நாடகம் இயற்கையைப் போலச் செய்வது. மேடைமாந்தர் முன்னேற்பாடின்றி அந்நேரத்தில் தோன்றும் எண்ணத்தையே பேசுவதாக அவையோர் நம்ப வேண்டும். திடீரென்று பேசும் எவரும் இயைபோடு பேசுவதில்லை. ஒருவர் சொன்ன அடிக்கு மற்றவர் இயைபு தந்து முடித்தால் இருவரும் முன்கூட்டியே பேசிவைத்தது போலத் தோன்றும். வேலைக்காரனை அழைப்பதற்கும் கதவைச் சாத்தச் சொல்வதற்கும் இயைபு தேடினால் நகைப்பே எஞ்சும்.

நியாண்டர் இவற்றுக்கு மூவகையில் விடையளிக்கிறார். முதலாவது, இயைபிலாச் செய்யுளும் எவரும் அன்றாடம் பேசும் மொழியன்று. அளவடியை ஏற்றுக்கொண்டபின் இயைபை மட்டும் இயற்கைக்கு மாறானது என்பது பொருந்தாது. இரண்டாவது, துன்பியல் நாடகம் உயர்ந்தோர் வாழ்வை உயர்த்திக் காட்டுவது; அதற்கு உயர்ந்த யாப்பே தக்கது. மூன்றாவது விடை வரலாறு சார்ந்தது. ஷேக்ஸ்பியரும் ஜான்சனும் ஃபிளெச்சரும் இயைபிலாச் செய்யுளின் செல்வத்தை முழுதும் துய்த்துவிட்டனர். பின்வந்தோர்க்கு அவ்வழியில் மிச்சமில்லை. அவர்கள் செல்லாத வழி இயைபே. இம்மூன்றாம் விடையில் டிரைடனின் உள்ளம் வெளிப்படுகிறது. இதே நூலில் ஷேக்ஸ்பியரை அனைத்துக் கவிஞரினும் பரந்த உள்ளத்தினராக அவர் போற்றுகிறார். ஆகவே இயைபை அவர் நாடியதற்குப் பிரெஞ்சு நாகரிகம் மட்டும் காரணமன்று. முன்னோரின் பெருமைக்கு முன் தனக்கென ஓர் இடம் தேடியதும் காரணமாகும்.

ஹோவர்டு 1668இல் வெளியிட்ட லெர்மா கோமகன் நாடகத்தின் முன்னுரையில் இந்நூலுக்கு மறுப்பு எழுதினார். டிரைடன் அதற்கு மறுமொழியாக ஒரு தற்காப்புரை எழுதி, இந்தியப் பேரரசரின் இரண்டாம் பதிப்பில் சேர்த்தார். மைத்துனர் என்றும் பாராது எள்ளலோடு எழுதப்பட்ட அவ்வுரை பின்னைய பதிப்புகளில் விலக்கப்பட்டது. இயைபை ஆதரித்து இருவரும் சேர்ந்து நாடகம் எழுதி நான்கே ஆண்டுகள் கழிந்திருந்தன.

புகழின் உச்சியும் எள்ளலும்

1668இல் டேவனண்ட் மறைந்ததும் டிரைடன் அரசவைக் கவிஞரானார். 1670இல் அரச வரலாற்றாசிரியர் பொறுப்பும் சேர்ந்தது. மன்னர் நாடகக் குழுவுடன் ஆண்டிற்கு மூன்று நாடகம் தருவதாக ஒப்பந்தம் செய்து, வருவாயில் ஒன்றேகால் பங்கு பெற்றார். மூன்று நாடகம் என்னும் அளவை அவர் எட்டியதில்லை. 1670–71இல் இரு பாகங்களாக மேடையேறிய கிரானடா வெற்றி, பத்து அங்கங்கள் கொண்ட வீர நாடகம். அதன் தலைவன் அல்மன்சோர் எவருக்கும் கட்டுப்படாதவன். எப்பக்கம் சேர்கிறானோ அப்பக்கமே வெல்லும். ஈரடியின் ஆற்றலும் அதன் அளவிறந்த முழக்கமும் ஒருங்கே இந்நாடகத்தில் உச்சம் தொட்டன.

அடுத்த ஆண்டே எதிர்வினை வந்தது. பக்கிங்ஹாம் கோமகனும் அவர் நண்பர்களும் எழுதிய ஒத்திகை 1671 டிசம்பரில் மேடையேறியது. பேஸ் என்னும் நாடக ஆசிரியர் தம் பொருளற்ற வீர நாடகத்தின் ஒத்திகையைப் பெருமிதத்தோடு காட்டுவதாக அது அமைந்தது. அரசவைக் கவிஞர் சூடும் வாகைத் தழையைச் சுட்டும் அப்பெயர் டிரைடனையே குறித்தது. அந்நையாண்டியை நடித்தது டிரைடன் பங்குதாரராயிருந்த அதே குழு என்பது நோக்கத்தக்கது. பேஸ் என்னும் பட்டப்பெயர் அவர் வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டது. எனினும் எள்ளலுக்கு அஞ்சி அவர் இயைபைக் கைவிட்டார் என்று கொள்ள இயலாது. ஒத்திகைக்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் கழிந்தே அம்மாற்றம் நிகழ்ந்தது.

மில்டனின் பாட்டும் டிரைடனின் முயற்சியும்

1667இல் மில்டனின் இழந்த சொர்க்கம் வெளிவந்தது. நாடகத்திற்கு வெளியே நெடும் காப்பியம் ஒன்று இயைபின்றி அமைந்தது அக்கால வாசகர்க்கு வியப்பளித்தது. 1668இல் சேர்க்கப்பட்ட குறிப்பொன்றில் மில்டன், இயைபு நல்ல செய்யுளுக்கு இன்றியமையாததன்று. காப்பியத்தை அதன் அடிமைத்தளையிலிருந்து விடுவித்துப் பண்டைய விடுதலையை மீட்டதாகக் கொள்ள வேண்டும் என்று விளக்கினார். டிரைடன் தளையின் பயனைக் கண்டார். மில்டன் தளையின் துன்பத்தைக் கண்டார்.

டிரைடன் இக்காப்பியத்தை இயைபுடைய இசைநாடகமாக்க விரும்பி, பார்வையிழந்த மில்டனைக் கண்டு இசைவு கேட்டதாகவும், மில்டன் சற்றே நகையோடு இசைந்ததாகவும் ஜான் ஆப்ரியின் வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. அவ்வாறு உருவான குற்றமற்ற நிலை 1677இல் அச்சேறியது, மேடையேறவில்லை. இழந்த சொர்க்கத்தின் 1674ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்ற மார்வெல்லின் பாடல் இம்முயற்சியை மறைமுகமாகக் குத்திக் காட்டியது. ஆயினும் இப்பயிற்சி டிரைடனுக்குப் பயனற்றதாகவில்லை. அடியைக் கடந்து ஓடும் மில்டனின் நெடுவாக்கியங்களை ஈரடிக்குள் அடைக்க முயன்றவர், அவ்வடைப்பில் இழக்கப்படுவது எது என்பதை நேரடியாக உணர வாய்ப்பு அமைந்தது.

ஔரங்சீப்: விடைபெறும் நாடகம்

1675 நவம்பரில் மேடையேறிய ஔரங்சீப் டிரைடனின் இறுதி வீர நாடகம். அப்போது டில்லியில் ஆண்டுகொண்டிருந்த முகலாயப் பேரரசரே அதன் தலைவர். பிரெஞ்சுப் பயணி பெர்னியேயின் நூல் 1671இல் ஆங்கிலத்தில் வந்திருந்தது. ஷாஜகான் மக்களிடையே மூண்ட அரியணைப் போரை அதிலிருந்தே டிரைடன் பெற்றார். வரலாற்றில் தந்தையைச் சிறைவைத்தவரை நாடகத்தில் தந்தையின்பால் மாறா அன்புடைய மகனாக மாற்றினார்.

இந்நாடகத்தின் முன்னுரைப் பாடலில், தாம் நெடுநாள் நேசித்த தலைவியாகிய இயைபின் மீது சலிப்பு ஏற்பட்டுவிட்டதாக டிரைடன் அறிவித்தார். வலிய உணர்ச்சிகளை அதன் விலங்கில் பிணிக்க இயலாது என்றும், ஷேக்ஸ்பியரின் பெயரைக் கேட்கும்போது நாணம் எழுகிறது என்றும் கருத்துப்பட எழுதினார். அறிவிப்பைவிட முதன்மையான சான்று நாடகத்தின் யாப்பிலேயே உள்ளது. முந்தைய வீர நாடகங்களில் கருத்து பெரும்பாலும் இரண்டாம் அடியில் நின்றது. இங்கோ வாக்கியங்கள் ஈரடியைக் கடந்து அடுத்த அடிக்குள் பல இடங்களில் நுழைகின்றன; நிறுத்தம் அடியின் இடையில் விழுகிறது. இயைபு இருக்கிறது, ஆனால் செவி அதனை முன்போல் உணர்வதில்லை. இயைபை மறைக்கவே இத்தனை உழைப்பு வேண்டியிருந்தால் இயைபு எதற்கு என்னும் வினாவிற்கு யாப்பே அவரை இட்டுச்சென்றது எனலாம்.

எல்லாம் காதலுக்கே

1677 டிசம்பரில் எல்லாம் காதலுக்கே மேடையேறியது. மறு ஆண்டு அச்சானது. அந்தோனி, கிளியோபாட்ரா கதையை ஷேக்ஸ்பியர் ஏற்கெனவே நாடகமாக்கியிருந்தார். முன்னோர் துய்த்து முடித்த செல்வம் என்று முன்பு விலகிய களத்திற்கே டிரைடன் இப்போது திரும்பினார். நடையில் ஷேக்ஸ்பியரைப் பின்பற்றுவதாகவும், அதற்காகவே இயைபை விடுத்ததாகவும் முன்னுரையில் கூறினார். முந்தைய வழியைக் கண்டிக்கவில்லை, இந்நோக்கத்திற்கு இவ்வழி பொருத்தமானது என்றும் தெளிவுபடுத்தினார்.

ஷேக்ஸ்பியரின் நாடகம் ரோமுக்கும் எகிப்துக்கும் இடையே பல ஆண்டுகளைக் கடந்து பரந்து செல்வது. டிரைடனோ கதையை அலெக்சாந்திரியாவில் இறுதி நாளுக்குள் அடக்கினார். களத்தையும் காலத்தையும் பிரெஞ்சு முறையில் சுருக்கிக்கொண்டு, செய்யுளை மட்டும் பழைய ஆங்கில முறையில் விடுவித்தார். இயைபு முன்பு ஆற்றிய கட்டுப்படுத்தும் பணியை இப்போது கதைக்கோப்பு ஏற்றது. கற்பனைக்குத் தளை வேண்டும் என்னும் தம் முதற்கொள்கையை அவர் விடவில்லை. தளையை அடியிறுதியிலிருந்து அமைப்பிற்கு மாற்றினார் என்பதே பொருத்தமான விளக்கம்.

முதல் அங்கத்தில் மனமுடைந்து கிடக்கும் அந்தோனியைப் பழைய படைத்தலைவன் வென்டிடியஸ் சந்திக்கும் பகுதியை, இவ்வகையில் தாம் எழுதியவற்றுள் சிறந்ததாக டிரைடனே மதிப்பிட்டார். அந்தோனி முதலில் அவனை விரட்டுகிறான். பின்னர் சினம், நாணம், கண்ணீர், நட்பு எனப் படிப்படியாக மாறி மீண்டும் போருக்கு எழுகிறான். ஓர் அடியின் பாதியில் ஒருவர் நிறுத்த, மற்றவர் எஞ்சிய பாதியைப் பற்றிக்கொள்கிறார். அடுத்து என்ன ஒலி வரும் என்று செவி முன்கூட்டி அறியாததால், அடுத்து என்ன உணர்ச்சி வரும் என்பதும் திறந்தே இருக்கிறது. கிரைட்டிஸ் வாயிலாக ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய எதிர்வாதத்தின் உண்மையை டிரைடன் இங்கே மேடையில் ஒப்புக்கொள்கிறார். முடிந்த எண்ணத்தை நிறுத்திக் காட்ட ஈரடி ஏற்றது; தோன்றிக்கொண்டிருக்கும் எண்ணத்தைப் பின்தொடர இயைபிலாச் செய்யுள் ஏற்றது.

பிற்காலத்தில் இரு யாப்புகளும்

இதன்பின் டிரைடனின் எழுத்தில் ஒரு தெளிவான பங்கீடு தென்படுகிறது. 1681இல் வெளியான அப்சலோமும் அகித்தோப்பேலும், 1682இல் அச்சான மக் ஃபிளெக்னோ ஆகிய அங்கதப் பாடல்கள் ஈரடியில் அமைந்தவை. ஒருவரது இயல்பை அளந்து தீர்ப்பு வழங்கும் அங்கதத்திற்கு, அடைந்து முடியும் ஈரடி கூர்மை சேர்த்தது. வீர நாடகத்தில் பயின்ற சொற்போர்த் திறன் இங்கு வீணாகாமல் பயன்பட்டது.

இரண்டாம் ஜேம்ஸ் ஆட்சியில் டிரைடன் கத்தோலிக்கரானார். ஆதாயம் கருதியே மாறினார் என்று பகைவர் கூறினர். 1688 புரட்சியில் ஜேம்ஸ் அரியணை இழந்தபோது பழைய சமயத்திற்குத் திரும்பியிருந்தால் பதவியைக் காத்திருக்கலாம். அவர் திரும்பவில்லை. அரசவைக் கவிஞர் பதவி அவர் மக் ஃபிளெக்னோவில் எள்ளிய தாமஸ் ஷாட்வெல்லுக்குச் சென்றது. வருவாய் குன்றிய நிலையில் அறுபதை நெருங்கிய கவிஞர் மீண்டும் மேடைக்கு வந்தார். 1689 டிசம்பரில் அரங்கேறிய டான் செபாஸ்டியன் இயைபிலாச் செய்யுளும் உரைநடையும் கலந்தது. நீளம் கருதி ஆயிரத்து இருநூறு அடிகளுக்குமேல் குறைக்கப்பட்டே அது நடிக்கப்பெற்றது. அவருடைய நாடகங்களுள் தலையாயவற்றுள் ஒன்றாக அறிஞர் இதனைக் கருதுவர். 1694இல் அவரது இறுதி நாடகம் மேடையேறியது.

1693இல் அங்கதம் பற்றி எழுதிய நீண்ட உரையில், மில்டன் இயைபை விலக்கியதற்கு உண்மைக் காரணம் இயைபு அவருக்குக் கைவராமையே என்று டிரைடன் கருத்துரைத்தார். நாடகத்தில் இயைபைத் துறந்து பதினைந்து ஆண்டுகளுக்குமேல் ஆன பின்னரும், காப்பியத்திற்கு அது உரியது என்னும் எண்ணத்தை அவர் மாற்றவில்லை. 1697இல் ஜேக்கப் டான்சன் வெளியிட்ட வர்ஜில் மொழிபெயர்ப்பு அவ்வெண்ணத்தின் நிறைவாகும். ஆங்கில இயைபிலாச் செய்யுளைத் தோற்றுவிக்கச் சர்ரே எடுத்துக்கொண்ட அதே ஈனியத்தை டிரைடன் ஈரடியில் முழுமையாகத் தந்தார். கதைப்பாடல்களின் தொகுப்பான பழங்கதைகள் 1700 மார்ச்சில் வெளிவந்தது. அவ்வாண்டு மே 1 அன்று அவர் காலமானார். சோகோவின் புனித ஆன் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட உடல் சில நாள்களில் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்திற்கு மாற்றப்பட்டது.

முடிவுரை

டிரைடனின் யாப்பு மாற்றம் எள்ளலுக்கு அஞ்சியதால் நேர்ந்ததன்று என்பதை ஒத்திகைக்கும் எல்லாம் காதலுக்கே நாடகத்திற்கும் இடைப்பட்ட காலம் காட்டுகிறது. அது திடீர் மனமாற்றமும் அன்று. ஔரங்சீப்பின் ஈரடிகளிலேயே அம்மாற்றம் தொடங்கிவிட்டது. இயைபை முற்றாக அவர் மறுக்கவில்லை என்பதற்கு அங்கதங்களும் வர்ஜிலும் சான்று. நாடகக் கவிதை பற்றிய உரையாடல் நூலை 1684இல் அவர் மீண்டும் திருத்தி வெளியிட்டபோது வாக்கிய அமைப்புகளைச் செப்பம் செய்தாரேயன்றி, இயைபுக்காக நியாண்டர் பேசிய வாதங்களை நீக்கவில்லை. அப்போது அவர் இயைபிலா நாடகங்களின் ஆசிரியர். தம் பழைய கருத்தை மறைக்கவோ மாற்றி எழுதவோ முனையாமல், கிரைட்டிஸின் கூற்றோடு அருகருகே நிற்குமாறு விட்டுவைத்தார். இரு தரப்பும் ஒரே நூலில் வலுவோடு வாழ்வதால்தான் இன்றும் செய்யுள் நாடகம் பற்றிய ஆய்வில் அந்நூல் இன்றியமையாததாக விளங்குகிறது.

இயைபு உயர்ந்ததா, இயைபின்மை உயர்ந்ததா என்னும் வினா டிரைடனின் நாற்பதாண்டு எழுத்துப் பணியில் வேறு வினாவாக மாறிவிட்டது. எவ்வகை எழுத்திற்கு, எந்நிலையில் பேசும் மாந்தருக்கு எந்த யாப்பு என்பதே அவர் இறுதியில் கேட்ட வினா. மேடையில் கொண்டாடப்பட்ட தம் படைப்புகளையே சோதனைக்கு உட்படுத்தி அவ்வினாவை அடைந்தமையே அவரது வரலாறு செய்யுள் நாடக ஆய்வுக்குத் தரும் பயனாகும்.